சுவரில் ஸ்டோயான் மிரேவ்

ஏப்ரல் 9, வியாழன்

எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவின் விளையாட்டுப் பீரியடை இன்றும் கணக்கு டீச்சர் பிடுங்கிக்கொண்டாள். பரீட்சை வருகிறதாம். பரீட்சை எந்த வருஷம்தான் வரவில்லை? விசிலைக் கழற்றி மேஜையில் போட்டுவிட்டு ஓய்வறையில் உட்கார்ந்து தேங்காய் பன் தின்றேன். பி.டி. டீச்சருக்கு இந்தப் பெரியகுளத்தில் அவ்வளவுதான் மரியாதை.

சாயந்திரம் சவுந்தரபாண்டி அண்ணன் வந்தார். எங்கள் கூடைப்பந்துக் கழகத்தின் செயலாளர். போன ஆவணியில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த என் அண்ணன் தவமணியோடு ஒரே அணியில் ஆடியவர். அண்ணன் இருந்தவரை உரிமையாகக் காபி கேட்டு வாங்கிக் குடிப்பார், இப்போது வாசலிலேயே நின்று செருமுகிறார். மதினிதான் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். மதினி என்றால் அண்ணன் மனைவி சீனியம்மாள். இந்த வீட்டில் இப்போது நாங்கள் இரண்டு பேர்தான்.

“ஏத்தா கோதை, மே மாசம் டோர்னமெண்டுல தவமணி பேருல கோப்பை குடுக்குறோம்ல, அது இருக்கட்டும். அவென் உசுரா நெனச்ச ஆளுக்கு ஒரு மரியாத செய்யணும்னு கமிட்டில பேசிருக்கு” என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று கேட்கவே வேண்டாம். ஸ்டோயான் மிரேவ். பல்கேரியாக்காரர், ஏழடிக்குக் கொஞ்சம் குறைவு, இடது கை. நான் பள்ளியில் படிக்கும்போது எங்கள் கோச் ஏதோ பயிற்சி முகாமிலிருந்து ஒரு வீடியோ கேசட் கொண்டுவந்தார். ஐரோப்பிய மேட்ச் ஒன்று. அது தேய்ந்து கோடு கோடாக ஆகும்வரை அண்ணனும் நானும் பார்த்தோம். அந்த நெட்டை மனிதர் ரிங்குக்குக் கீழே நின்றுகொண்டு, தானே போடக்கூடிய பந்தையெல்லாம் பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஃப்ரீ த்ரோ போடுவதற்கு முன்னால் பந்தைக் காதோரம் வைத்து, தேங்காய் வாங்குகிறவர் மாதிரி விரலால் தட்டிப் பார்ப்பார். அன்றிலிருந்து எங்கள் ஊரில் தட்டிப் பார்க்காமல் ஃப்ரீ த்ரோ போடுகிற பயல் கிடையாது. அவர்கள் ஆட்கள் கத்திய “ஐதே!” என்ற சொல்லையும் எடுத்துக்கொண்டோம். ‘வா வா’ என்று அர்த்தமாம். போன வருஷம்தான் தெரிந்தது.

அண்ணன் போன பிறகு, மனசு கேட்காமல், இணையத்தில் மிரேவுக்கு இருந்த ஒரு ரசிகர் பக்கத்தில் நாலு வரி எழுதிப் போட்டேன். இரினா என்று ஒரு பெண் பதில் எழுதினாள். அவருடைய மகளாம். அப்பா ஓய்வு பெற்று வெகு காலம் ஆகிறது, ஊரோடு இருந்து குடைமிளகாய் போடுகிறார், உங்கள் வரிகளைப் படித்துக் காட்டினேன், மூக்கை உறிஞ்சினார் என்றாள். அன்றிலிருந்து அவ்வப்போது பேசிக்கொள்கிறோம்.

திட்டம் இதுதான். தொடக்க நாளன்று திரை கட்டி அவரை வீடியோவில் கூப்பிடுவது. அவர் படம் ஒன்றைப் பெரிதாக ஃபிரேம் போட்டு மேடையில் வைப்பது. நான் அவரைப் பற்றிப் பேசுவது.

“ஆளு உசுரோட இருக்கப்பவே செய்யணும்த்தா. செத்தப்புறம் செய்யறதுக்கு நம்மள அடிச்சுக்க ஆளே கெடையாது” என்று சொல்லிவிட்டு, அண்ணன் படத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஃபிரேம் கடைக்காரன் படத்தைப் பார்த்ததுமே, “தோற்றம் மறைவு தேதி எழுதிக் குடுங்க டீச்சர்” என்றான். உயிரோடு இருக்கிற மனுஷன்ய்யா என்று கத்தினேன். “அப்ப சரி, சந்தன மால ஃப்ரீயா வந்துரும், அத என்ன செய்ய?” என்கிறான். உன் கழுத்தில் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

படம் நன்றாக வந்திருக்கிறது. கறுப்பு வெள்ளை. பந்தைக் காதில் வைத்துக்கொண்டு எங்கேயோ கவனிக்கிறார். விழா வரை எங்கே வைப்பது என்று பார்த்தேன். பீரோ மேலே வைத்தால் பல்லி எச்சம் விழும் என்றாள் மதினி. அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் ஆணி ஒன்று சும்மா இருந்தது. அதில் அவளே மாட்டினாள்.

“ஒத்தையாவே இருக்காருல்ல. பக்கத்துல ஒரு ஆளு இருக்கட்டும்” என்றாள்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. துக்க வருஷம் முடியாததால் எங்கள் அடுப்பில் பாயசம் ஏறவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள், குடித்தேன்.

ஏப்ரல் 17, வெள்ளி. அமாவாசை

அரை நாள் பரீட்சை. வெயிலில் வெந்துபோய் வீட்டுக்கு வந்தால், அண்ணனுக்குப் படையல் போட்டிருந்தாள் மதினி. இரண்டு இலை.

நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் படத்துக் கண்ணாடியில் எப்போதும் போலச் சந்தனமும் குங்குமமும். பக்கத்தில் ஸ்டோயான் மிரேவ் நெற்றியிலும் அதே சந்தனம், அதே குங்குமம். எனக்குச் சிரிப்பு அள்ளிக்கொண்டு போனது.

“என்ன மதினி இது! அவரு அங்க மொளகா தோட்டத்துக்குத் தண்ணி பாச்சிகிட்டு இருக்காரு. செத்தவங்களுக்கு வைக்கிறத அவருக்கு வச்சிருக்கீங்க!”

“அடி ஆத்தி! கைப்பழக்கத்துல வச்சுட்டேன்டி.”

“எலயும் கைப்பழக்கமா?”

“ரெண்டு மனுசன் உக்காந்திருக்கப்ப ஒருத்தருக்கு மட்டும் சோறு போட்டா நல்லாவா இருக்கு?”

சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், எள்ளுருண்டை, முதல் பறிப்புக் கல்லாமை மாம்பழத் துண்டு. காக்கை உடனே வந்தது. பொட்டை அழித்துவிடலாம் என்று துணியை எடுத்தேன். வெள்ளிக்கிழமை அதுவுமாக அழிக்காதே என்றாள். சரி என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 18, சனி

இரினாவிடமிருந்து செய்தி. வீடியோவில் வருவதற்கு அப்பாவுக்குச் சம்மதமாம். அதோடு ஒரு வேடிக்கை என்று எழுதியிருந்தாள். நேற்றுக் காலை அப்பா நாற்காலியிலேயே தூங்கிப்போனாராம். எழுந்து மத்தியானச் சாப்பாடு வேண்டாம் என்றாராம். வயிறு நிறைந்துவிட்டது, பச்சை இலையில் கையால் சோறு சாப்பிட்டேன், மஞ்சள் பழம் ஒன்று வைத்தார்கள் என்றாராம். ராத்திரியும் சாப்பிடவில்லை. ‘அப்பாவுக்கு வயதாகிறது’ என்று எழுதி ஒரு சிரிப்புப் படம் போட்டிருந்தாள்.

நான் பழைய செய்திகளையெல்லாம் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். படையலைப் பற்றி அவளுக்கு எதுவும் எழுதியிருக்கவில்லை. நம் ஊர் உச்சிவேளை அவர்களுக்குக் காலை நேரம். அதுவும் சரியாக இருக்கிறது.

மதினியிடம் சொல்லவில்லை. பொட்டையும் அழிக்கவில்லை. நாளைக்கு அழிக்கலாம்.

ஏப்ரல் 23, வியாழன்

பரீட்சை முடிந்து விடுமுறை விட்டாயிற்று. மத்தியானம் மதினி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை, வெயில் அப்படி. நான் கூடத்தில் உட்கார்ந்து விழாப் பேச்சை எழுதிக்கொண்டிருந்தேன். ‘அவர் பெரிய கோப்பை எதையும் தூக்கியதில்லை’ என்று எழுதும்போது பின்பக்கம் சத்தம் கேட்டது. பின்பக்கத்துச் சுவரில் அண்ணன் அடித்து வைத்த ரிங் ஒன்று இருக்கிறது. அங்கிருந்துதான். விரலால் பந்தைத் தட்டுகிற சத்தம். நிதானமாகத் தட்டி, நிறுத்தி, மறுபடி தட்டி.

போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. பந்து அதன் சாக்குப் பையில் கிடந்தது. வலி மருந்துத் தைலம் மாதிரி ஒரு வாசனை, ஆனால் நம் ஊர்த் தைலம் இல்லை.

திரும்பும்போது பார்த்தேன், பின்வாசல் நிலைக்கு மேலே இருந்த ஒட்டடை நடுவில் மட்டும் துடைத்து எடுத்த மாதிரி இருந்தது. ஒரு தலை அகலத்துக்கு. நானே ஐந்தடி எட்டு அங்குலம், என் தலைக்கும் ஒரு அடி மேலே இருக்கிறது அது. குனியாமல் வந்து இடித்துக்கொண்டிருப்பார், பாவம்.

பயம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். முப்பது வருஷமாகக் கோடு கோடாகப் பார்த்த மனிதர் என் வீட்டு வாசலில் தலையை இடித்துக்கொண்டால் எனக்கு எப்படிப் பயம் வரும்?

ஏப்ரல் 26, ஞாயிறு

காலையிலேயே தலைக்குக் குளித்து, மெல்லிய நீலப் பருத்திப் புடவையைக் கட்டிக்கொண்டேன். வெயிலுக்குப் பருத்திதான் நல்லது. “எங்கடி கெளம்பிட்ட?” என்றாள் மதினி. எங்கேயும் இல்லை என்றேன்.

பின்வாசல் நிலையின் மேல்விளிம்பில் பழைய துணியைச் சுருட்டிக் கட்டி வைத்தேன், இடித்தாலும் வலிக்காது.

ஏப்ரல் 28, செவ்வாய்

இரினா கவலையாக எழுதியிருக்கிறாள். அப்பா காலையில் தூங்கினால் மாலைவரை எழுவதில்லை. குளிர் இன்னும் விடாத ஊரில் அவருக்கு வேர்த்துக் கொட்டுகிறது. டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்கிறாராம். தூக்கத்தில் சிரிக்கிறார், கை காலை ஆட்டுகிறார், யாருடனோ விளையாடுகிறார் என்கிறாள். சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. ஒவ்வொரு நாளும் வயிறு நிறைந்துவிட்டது என்கிறார்.

மதினி தினமும் படத்துக்கு முன்னால் இரண்டு தட்டில் சோறு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

‘நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல், ஓய்வு எடுக்கச் சொல்’ என்று இரினாவுக்குப் பதில் எழுதினேன். பொட்டைப் பற்றி எழுதவில்லை. அதை எந்த பாஷையில் எழுதுவது?

மே 1, வெள்ளி

வெள்ளிக்கிழமை பொட்டை அழிக்கக் கூடாது.

மே 4, திங்கள்

மிரேவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நேற்றிலிருந்து எழுப்பினாலும் எழவில்லை. இரினா போட்டோ அனுப்பியிருந்தாள். அந்த உடம்புக்குள் இருந்த மனிதரைக் காணவில்லை. எலும்புதான் கட்டிலில் நீளமாகக் கிடக்கிறது.

எனக்கே என்மேல் ஆத்திரம். ஈரத் துணியை எடுத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு ஏறினேன். மதினி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். அவளுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

“அழிக்காத கோதை.”

“மதினி, அங்க ஒரு உசுரு போயிகிட்டு இருக்கு. நம்ம வச்ச பொட்டுதான் அத இழுக்குது.”

“தெரியும்.”

“என்னது, தெரியுமா?”

“மொத நாளு கைப்பழக்கந்தான். சத்தியமாச் சொல்றேன். அதுக்கப்பறம் வச்சது தெரிஞ்சுதான் வச்சேன்.” தரையில் உட்கார்ந்துவிட்டாள். “ஒங்க அண்ணன் செத்து இத்தன மாசத்துல ஒரு நா கனவுல கூட வரலடி. எத்தன அமாவாச எல போட்டேன்? காக்கா தின்னுட்டுப் போகும், அவரு வந்த மாதிரியே இருக்காது. இந்த மனுசன் வந்தப்பறந்தான் அவரு வந்தாரு. பந்து போட ஆளில்லாம எங்கயோ நின்னுகிட்டு கெடந்திருக்காரு. இப்ப ரெண்டு பேரும் வெளாடுறாக. நீ ஒருத்தரோட சத்தத்த மட்டுந்தான கேக்குற? ஒனக்கு வேணும்ங்கிறதுதான ஒன் காதுல விழுகும்?”

எனக்கு முகம் சுட்டது. துணி கையில் காய்ந்துபோகும்வரை நாற்காலியின் மேல் நின்றுகொண்டிருந்தேன். பிறகு இறங்கிவிட்டேன்.

மே 5, செவ்வாய்

உச்சிவேளையில் மதினியும் நானும் பின்வாசல் படியில் உட்கார்ந்தோம். வெயில் மண்ணில் படிந்து அசையாமல் கிடந்தது. முதலில் அந்த விரல் தட்டுகிற சத்தம். பிறகு பந்து ஒரு கையிலிருந்து கிளம்பி இன்னொரு கையில் அறைகிற சத்தம். அந்த இரண்டாவது கையை எனக்குத் தெரியும். பிடித்ததும் தொண்டைக்குள் ஒரு உறுமல் வரும், சின்ன வயதிலிருந்தே. அது கேட்டது. “ஐதே!” என்றும் கேட்டது. என் அண்ணன் குரல்.

புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். மதினி அழவில்லை. கல்யாணப் பெண் மாதிரி தலை குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

அழிக்கவில்லை. அழிக்க முடியவில்லை.

மே 7, வியாழன்

காலையில் மாவரைத்துக்கொண்டிருந்தபோது இரினாவின் செய்தி, எழுத்தில் ஒன்று, குரலில் ஒன்று. எழுத்தில் இருந்தது இது. ‘தூங்குவதற்கு முன்னால் அப்பா உங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னார். வாசல் குட்டையாம். அதில் யாரோ துணி சுற்றி வைத்திருக்கிறார்களாம். இரண்டு பெண்கள் இருக்கிறார்களாம். பந்து எறிகிற ஒருவர் இருக்கிறாராம். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. எனக்கு அம்மா இல்லை. தயவுசெய்து அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.’

குரலில் வந்ததை அழுத்தினேன். அவளுடைய பாஷையில் ஏதோ சொல்ல ஆரம்பித்து, முடிக்காமல் அழுதாள். அவ்வளவுதான். மதினி கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்தாள்.

“யாரு அது?”

“அவரு மக.”

“இன்னொரு தடவ போடு.”

போட்டேன். ஒரு வார்த்தைகூட அவளுக்குப் புரிந்திருக்காது. கேட்டு முடித்ததும் மாவுக் கையைக் கழுவினாள். தானே நாற்காலியைப் போட்டு ஏறினாள், மூட்டு வலியோடு. ஸ்டோயான் மிரேவின் நெற்றியைத் தன் முந்தானையால் துடைத்தாள். சந்தனம் கண்ணாடியில் காய்ந்து ஒட்டியிருந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்து, சுத்தமாக எடுத்துவிட்டு, படத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

“அந்தப் பிள்ளைக்கு அப்பன் வேணும்ல” என்றாள்.

மத்தியானம் பின்பக்கம் ஒரு சத்தமும் இல்லை. மதினி படியிலேயே உட்கார்ந்திருந்தாள். வெயில் தாழ்ந்த பிறகுதான் உள்ளே வந்தாள்.

மே 9, சனி

கண் விழித்துவிட்டார்! சூப் குடித்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டாராம். நர்சைத் திட்டினாராம். இரினா நாலு பக்கம் எழுதியிருக்கிறாள். எதையும் கேட்கவில்லை, நன்றி மட்டும் சொல்கிறாள். நான் குதித்தேன். நாற்பத்தொன்பது வயதில் குதித்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், பிடித்துக்கொண்டது.

மதினியிடம் சொன்னேன். “நல்லாருக்கட்டும்” என்றாள். ஒரே ஒரு தட்டில் சோறு வைத்தாள்.

மே 20, புதன்

தொடக்க விழா. எத்தனை மேட்ச் ஆடியிருக்கிறேன், அப்போதெல்லாம் வராத உதறல் மைக்கைப் பிடித்ததும் வந்தது. எழுதிக்கொண்டு போனதில் பாதியைத்தான் படித்தேன், மீதி தானாக வந்தது.

“ஸ்டோயான் மிரேவ் பெரிய கோப்பை எதையும் தூக்கியதில்லை. பெரிய ஊர்க் கிளப்புகள் கூப்பிட்டும் போகவில்லை. துணி ஆலை இருக்கிற ஒரு சின்ன ஊருக்காகவே கடைசிவரை ஆடினார். ஒரே ஒருமுறை இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள். கடைசிப் பந்து அவர் கையில். போட்டால் வெற்றி. அவரை மூன்று பேர் மறித்ததால், அந்த வருஷம்தான் சேர்ந்திருந்த ஒரு பையன் ஆளில்லாமல் நிற்பதைப் பார்த்து அவனுக்குக் கொடுத்தார். அவன் தவறவிட்டான். தோற்றார்கள். எல்லாரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, இவர் அந்தப் பையனிடம் போய்ப் பந்தைக் கொடுத்து மறுபடி போடச் சொன்னார். காலி மைதானத்தில், விழுகிறவரை. எங்கள் கேசட்டில் அதுவரை பதிவாகியிருக்கிறது. என் அண்ணன் தவமணி வாழ்நாள் முழுக்க அந்தக் கடைசிப் பகுதியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தான்.”

விசில் பறந்தது. திரையில் அவர் வந்தார். வெள்ளை முடி, ஒட்டிய கன்னம், கம்பளிச் சட்டை. மைதானமே “ஐதே! ஐதே!” என்று கத்தியது. சிரித்தார். கண்ணைத் துடைத்தார். யாரோ கொடுத்த பந்தைக் காதில் வைத்துத் தட்டிப் பார்த்தார். சவுந்தரபாண்டி அண்ணன் ஓவென்று அழுதேவிட்டார்.

பிறகு அவர் பார்வை முன்வரிசைக்கு வந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் மதினி உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. வலது கை விரல்களைக் குவித்து, இலையிலிருந்து எடுத்து வாயில் வைப்பது போலச் செய்து, நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். முத்தம் கொடுக்கிறார் என்று நினைத்து எங்கள் பயல்கள் இன்னும் பலமாக விசில் அடித்தார்கள். ஏதோ சொன்னார். இரினா அதை மொழிபெயர்க்கவில்லை. நேரமாகிவிட்டது, எல்லாருக்கும் நன்றி என்று முடித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அவள் செய்தி காத்திருந்தது. ‘எல்லார் முன்னாலும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அப்பா சொன்னது இது. உங்கள் வீட்டில் பந்து எறிகிற அந்த மனிதர் ரிங்குக்குக் கீழே பந்தை வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் கிளம்பியபோது கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குப் பந்து எறிய ஒரு ஆள் வேண்டும். நன்றாகப் பிடிக்கிற ஆளாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.’

மதினிக்கு அதைப் படித்துக் காட்டினேன். படித்திருக்க வேண்டாம். அவள் போய் அரிசி களைந்தாள்.

மே 23, சனி

பென்ஷன் காகிதத்துக்கு போட்டோ வேணும் என்று மதினி ஸ்டூடியோவுக்குப் போய்வந்தாள். தலையில் கொஞ்சம் மல்லிகை வைத்துக்கொண்டு போயிருந்தாள். அண்ணன் போனதிலிருந்து பூ வைத்ததில்லை. பென்ஷன் ஆபீசில் பூவையா பார்க்கப்போகிறார்கள் என்று கேலி செய்தேன். நல்லாத்தான் இருந்தது.

மே 27, புதன்

ஸ்டூடியோவில் எடுத்த மதினியின் படம் ஃபிரேமுக்குள் வந்து, அண்ணன் படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. நெற்றியில் சந்தனம், குங்குமம்.

கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். படத்தைப் பிடுங்கி, துடைத்து, பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். அவள் கிழங்கு உரித்துக்கொண்டே இருந்தாள்.

“எத்தன தடவ அழிப்ப கோதை? படத்துல வைக்க விடலன்னா என் நெத்திலயே வச்சுக்கிருவேன்.”

“எனக்கு நீங்க வேணும் மதினி. உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?”

“ஒனக்கு ஸ்கூலு இருக்கு. அம்புட்டுப் பிள்ளைக இருக்கு. அந்தக் கணக்கு டீச்சரோட சண்ட போடவே ஒனக்கு ஒரு ஆயுசு வேணும்.” கத்தியைக் கீழே வைத்தாள். “முப்பது வருசம் குடும்பம் நடத்துனேன். அவரு பந்த ஒரு நா தொட்டதில்ல. வெளாடிட்டு வந்தா சோத்தப் போடுவேன், துணியத் தொவைப்பேன், அம்புட்டுத்தான். எறிஞ்சா பிடிக்கத் தெரியாதேடி எனக்கு. நீ ஊருக்கே சொல்லிக்குடுக்குறவ. எனக்கும் சொல்லிக்குடு.”

மாட்டேன் என்றேன். மாட்டவே மாட்டேன் என்றேன்.

மே 28, வியாழன்

மதினிக்கு மூட்டு வலி. கொஞ்சம் உடற்பயிற்சி இருந்தால் நல்லது என்று டாக்டரே போன வருஷம் சொன்னார். சாயந்திரம் பின்பக்கம் பந்தை எடுத்துக்கொண்டு போனோம். முதல் பந்து முகத்தில் பட்டது.

மே 31, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. விசிலைச் சோப்புப் போட்டுக் கழுவி வைத்தேன். வெள்ளை ஷூவுக்குச் சுண்ணாம்பு பூசினேன்.

மதினி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வெயிலுக்கு யாருக்குத்தான் பசிக்கும்? ஆனால் முகத்தில் ஒரு தெளிவு இருக்கிறது. பீரோவைத் திறந்திருக்கிறாள், சாவி எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை. படம் மறுபடி சுவரில். பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகட்டும், உட்கார்ந்து நிதானமாகப் பேச வேண்டும்.

இன்று உச்சிவேளையிலேயே பழக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரியே சொன்னேன். “காலை அகட்டி வைங்க. முழங்காலைக் கொஞ்சம் மடக்குங்க. வெரல விரிங்க, பூ வாங்குற மாதிரி இல்ல, பானையத் தாங்குற மாதிரி. பந்து வாரப்ப கண்ண மூடாதீங்க. கையில பட்டதும் நெஞ்சோட இழுத்துக்கங்க.”

“சரி, சரி” என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். முதல் நாள் மாதிரி இல்லை. நன்றாகவே நின்றாள். நான் ஒரு தடவை தரையில் தட்டிவிட்டு, எறிவதற்காகப் பந்தைத் தூக்கினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், ரிங் இருக்கிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டென்று இரண்டு கையும் முன்னால் நீண்டது. பட்டென்று பந்து அறைகிற சத்தம். கண்ணை மூடாமல், நெஞ்சோடு இழுத்து, பாரம் தாங்காமல் ஒரு அடி பின்னால் போய் நின்றாள். சிரித்தாள்.

“பிடிச்சிட்டேன் கோதை!” என்றாள்.

நல்லா பிடிச்சீங்க மதினி என்றேன். பந்து என் கையில்தான் இருந்தது.